‘வேண்டாம் அத்தை’ என்று சொல்லப் பழகிய பிள்ளை

போன ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு தாய் தம் மகனை என்னிடம் அழைத்து வந்தார். பையன் இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றில், அதாவது முதல் வகுப்பில், சேர்ந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. வகுப்பில் ஆசிரியரிடம் வாயே திறப்பதில்லை என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். நான் பேச்சு, மொழிச் சிகிச்சையாளர் என்பதால் என்னிடம் வந்தார்கள். என் அறையில் அவன் நன்றாகவே பேசினான். டைனோசரைப் பற்றி ஆங்கிலத்தில், தாத்தாவைப் பற்றித் தமிழில். கூட்டாளிகளோடும் பேசுவானாம்.

பேச்சோடு பேச்சாகத்தான் தண்ணீர்ப் புட்டி விவகாரம் வந்தது. தினமும் நிரப்பி அனுப்பும் புட்டி தினமும் அப்படியே திரும்பி வருகிறது; வீட்டுக்கு வந்ததும் தலைவலி என்கிறான்; மலச்சிக்கல் வேறு. “தாகமே எடுக்காதாடா உனக்கு?” என்று தினமும் திட்டு. புட்டி பையில்தான் இருந்தது. எடுத்துத் திறக்கச் சொன்னேன். பள்ளி திறப்பதற்கென்று தாத்தா ஆசையாக வாங்கித் தந்த புதுப் புட்டி, மூடி இறுக்கம். அவன் இரண்டு முறை திருகிப் பார்த்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அம்மாவின் கை தானாக நீண்டது, மூடி திறந்தது. அவனும் கேட்கவில்லை, அவரும் கேட்க வைக்கவில்லை. இரண்டு வினாடியில் முடிந்துவிட்டது.

அவர் திறந்த பிறகுதான் தாம் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது. நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆண்டுதோறும் நவம்பர் வந்தால் எனக்கு வரும் கேள்விகள் ஒரே மாதிரிதான். பிள்ளைக்கு எத்தனை ஆங்கிலச் சொற்கள் வாசிக்கத் தெரிய வேண்டும்? கூட்டல் கழித்தல் எதுவரை? உயிரெழுத்து பன்னிரண்டும் எழுதத் தெரிந்தால் போதுமா, உயிர்மெய்யும் வேண்டுமா? பாலர் பள்ளி முடித்த கையோடு டியூஷன் சேர்க்கலாமா? இந்தக் கவலையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2019-ஆம் ஆண்டிலிருந்து தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வே கிடையாது. ஆண்டின் தொடக்கத்திலேயே பிள்ளையின் ஆங்கில, கணித அடிப்படையைப் பள்ளியே பார்க்கும். தேவைப்பட்டால் சிறு குழுவாகத் தனியே சொல்லிக்கொடுக்கும். அந்தக் குழுவில் பிள்ளையைச் சேர்த்துவிட்டார்கள் என்று அழுத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். எனக்கென்னவோ அது காசில்லாமல் கிடைக்கிற நல்ல டியூஷன் என்றுதான் படுகிறது.

எழுத்து தெரியாத பிள்ளையைப் பள்ளி கண்டுபிடித்துவிடும். கேட்கத் தெரியாத பிள்ளையைக் கண்டுபிடிப்பது கடினம். அவன் தொந்தரவு தருவதில்லை. “ரொம்ப நல்ல பையன், சத்தமே இல்லை” என்று பெயரும் வாங்கிவிடுவான்.

நம் வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பாட்டி இருப்பார், அல்லது பணிப்பெண் இருப்பார், சில வீடுகளில் இருவரும். பிள்ளைக்குப் பசி என்று பிள்ளைக்கே தெரியும் முன் பாட்டிக்குத் தெரிந்துவிடும். ‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்று பழமொழி வைத்திருக்கிறோம். ஆனால் நம் பிள்ளையை அழவே விடுவதில்லை. சட்டைப் பொத்தான், காலணி நாடா, ஆரஞ்சுத் தோல் எல்லாம் கேட்கும் முன்பே நடந்துவிடும்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. உறவினர் வீட்டுக்குப் போகும்போது மின்தூக்கியிலேயே பாடம் நடத்துவோம்: “அங்கே போய் எதையும் கேட்கக் கூடாது. அத்தை கொடுத்தாலும் முதலில் வேண்டாம்னு சொல்லணும்.” அத்தைக்கும் அந்த விளையாட்டு தெரியும். பிள்ளை வேண்டாம் என்றதும் இரண்டாவது முறை கேட்பார், மூன்றாவது முறை கையில் திணித்துவிடுவார். அப்போதுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அழகான பழக்கம்தான், நானும் அப்படித்தான் வளர்ந்தேன். இப்படி வளர்ந்த பிள்ளையிடம் வகுப்பில் ஆசிரியர் வந்து, “உதவி வேண்டுமா?” என்று கேட்கிறார். “வேண்டாம்” என்கிறது. ஆசிரியர் அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார். அவர் அத்தை இல்லையே, மூன்று முறை கேட்க. “கேன்?” (முடியுமா?) என்று அவர் கேட்டால் “கேன்” என்று சொல்லும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு உண்மையில் முடியவில்லை என்பது என் அனுபவம்.

பாலர் பள்ளியில் இது வெளியே தெரியாது. அங்கே ஆசிரியர் காலையிலிருந்து மாலைவரை கூடவே இருப்பவர், சில பிள்ளைகளை மூன்று வயதிலிருந்தே பார்த்து வருபவர். முகத்தைப் பார்த்தே கழிப்பறைக்கு அனுப்பிவிடுவார். தொடக்கநிலை ஒன்றில் வகுப்புக்கு முப்பது பேர் வரை. பாடத்துக்குப் பாடம் ஆசிரியர் மாறலாம். ஒரு வகுப்பிலேயே ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் இருப்பார்கள். அந்த வயதில் பதினொரு மாதம் என்பது பெரிய இடைவெளி.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. தாய்மொழிப் பாடவேளை வந்ததும் வகுப்பு பிரிகிறது. வகுப்பில் தமிழ் படிப்பவர்கள் மூன்று நான்கு பேர்தான் என்றால், அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வேறோர் அறைக்கு, சில சமயம் வேறு மாடிக்குப் போக வேண்டும். மற்ற வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே வந்து சேர்வார்கள். முதல் சில நாள் யாராவது கூட்டிப்போவார்கள். அப்புறம் தாமாகப் போக வேண்டும். வழி தவறிய பிள்ளை நடைவழியில் நின்று அழுவதற்கும், எதிரே வரும் பெரிய வகுப்பு அக்காவிடம் “தமிழ் வகுப்பு எங்கே?” என்று கேட்பதற்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு வாக்கியம். நவம்பரில் நடக்கும் அறிமுக நாளன்று மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பாமல், தமிழ் வகுப்பு எங்கே நடக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது? எங்கள் தொழிலில் ஒரு பழைய உத்தி உண்டு: வேண்டுமென்றே ஒரு குறை வைப்பது. தயிரை மூடி திறக்காமல் கொடுங்கள். சூப்பைக் கரண்டி இல்லாமல் வையுங்கள். வரையத் தாள் கொடுத்துவிட்டுப் பென்சிலை மறந்துவிடுங்கள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மனசுக்குள் பத்துவரை எண்ணுங்கள். பெற்றோர் பலரால் நான்கைத் தாண்ட முடிவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை முகத்தைப் பார்க்கும், சிணுங்கும், கையை நீட்டும். அப்போதும், “என்ன வேணும்னு சொல்லு” என்று அதட்டாதீர்கள்; அதட்டினால் அது பரீட்சை ஆகிவிடும். “என்னமோ குறையுது போலிருக்கே” என்று சும்மா சொல்லிவிட்டுக் காத்திருங்கள். கேட்டதும் உடனே கொடுத்துவிடுங்கள். “ப்ளீஸ் சொன்னால்தான் தருவேன்” என்பதெல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். கேட்டால் கிடைக்கும் என்பது முதலில் மனசில் பதிய வேண்டும்.

பாட்டிமார்களிடம் இதை விளக்குவதுதான் சிரமம். “பிள்ளை கரண்டிக்குக் கெஞ்சணுமா? இதுக்கு ஒரு டாக்டரா?” என்று ஒரு பாட்டி என்னை நேராகவே கேட்டார். நான் டாக்டர் இல்லை என்று சொன்னதும் இன்னும் கோபம். அவரிடம் வேறு விதமாகச் சொன்னேன்: “அம்மா, பள்ளிக்கூடத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த முறை வந்தபோது, தோசை வைத்துவிட்டுச் சட்னியை மறைத்து வைத்த கதையை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

வெளியே பயிற்சி செய்ய உணவங்காடி நிலையத்தை விடச் சிறந்த இடம் கிடையாது. பள்ளி இடைவேளை பெரும்பாலும் அரைமணி நேரம்தான். அதற்குள் வரிசையில் நின்று, வாங்கி, இடம் தேடி உட்கார்ந்து, சாப்பிட்டு முடிக்க வேண்டும். ஆகவே சனிக்கிழமை காலை, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் பிள்ளை கையில் இரண்டு வெள்ளி (டாலர்) தாளைக் கொடுத்து ஒரு கடைக்கு அனுப்புங்கள். நீங்கள் நாலடி தள்ளி நில்லுங்கள். “ஆண்ட்டி, பீஹூன் ஒன்று” என்று அடுப்புச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும்படி சொல்ல வேண்டும். மீதிக் காசை வாங்க வேண்டும். முதல் முறை குரல் வெளியே வராது. கடைக்காரர் உங்களைப் பார்ப்பார். நீங்கள் கூரையைப் பாருங்கள்.

சைவக் குடும்பங்களும் மாட்டிறைச்சி சாப்பிடாத குடும்பங்களும் கூடுதலாக ஒரு கேள்வியைப் பழக்க வேண்டும்: “இதில் இறைச்சி இருக்கிறதா?” நூடல்ஸ் சைவமாகத் தெரியும், குழம்பு கோழியில் செய்ததாக இருக்கும். ஆறு வயதுப் பிள்ளையிடம், “பார்த்துச் சாப்பிடு” என்றால் அது என்னத்தைப் பார்க்கும்? ஒவ்வாமை இருந்தால் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதோடு நில்லாமல் வகுப்பாசிரியருக்கு எழுத்திலும் தெரிவித்துவிடுங்கள்.

கழிப்பறையைப் பற்றி என் சொந்த அனுபவம். என் மகள் தொடக்கநிலை ஒன்றுக்குப் போனபோது, அனுமதி கேட்பது எப்படி, யாரிடம் கேட்பது என்றெல்லாம் வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தோம். நான் இந்தத் தொழிலில் இருப்பவள் அல்லவா! முதல் வாரம் முழுக்க அவள் மதியம் வரை அடக்கிக்கொண்டு வந்தாள். கேட்பதில் அவளுக்கு ஒரு தயக்கமும் இல்லை, தினமும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். போனால் அங்கே இருந்தது குந்தும் கழிப்பறை. பிறந்ததிலிருந்து வீட்டில் உட்காரும் கழிப்பறை மட்டுமே பார்த்தவள், உள்ளே விழுந்துவிடுவோமோ என்று பயந்து திரும்பி வந்திருக்கிறாள். அந்த வாரக் கடைசியில் கோயில் கழிப்பறையில் வைத்துப் பழக்கினேன். பள்ளிக் கழிப்பறை எந்த வகை என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் மெதுவான குரலில் கேட்கப்படும் ஒரு கேள்வி இருக்கிறது: “பள்ளி தொடங்கப் போகிறது, வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடட்டுமா?” வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதப்படுவதில்லை. மொழிச் சிக்கல் இருக்கும் பிள்ளைக்கு அது இரு மொழியிலும் இருக்கும். ஒரு மொழியைப் பிடுங்கினால் மற்றது சரியாகிவிடாது. தமிழில் “எனக்குப் புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, அதையே ஆங்கிலத்தில் சொல்ல நாலு சொல் கற்றுக்கொடுத்தால் போதும், கேட்கும் துணிச்சல் ஏற்கெனவே வந்துவிட்டது. 2010-இல் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்று சொன்ன சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்கள் 32.3 விழுக்காடு, 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 48.3 விழுக்காடு. தமிழ் 2.5. ஆங்கிலம் எப்படியும் வந்துவிடும். பாட்டியோடு சண்டை போடத் தேவையான தமிழுக்குத்தான் நாம் இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

புட்டிப் பையனைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவனுக்குச் சிகிச்சை என்று பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. வீட்டில் மூன்று வாரம் மூடி திறக்காத டப்பாக்கள், ஆசிரியரோடு ஒரு தொலைபேசிப் பேச்சு, அவ்வளவுதான்.

எல்லாப் பிள்ளையும் அப்படி இல்லை. வீட்டில் வாய் ஓயாமல் பேசிவிட்டுப் பள்ளியில் யாரிடமும், கூட்டாளிகளிடமும்கூட, ஒரு சொல்லும் பேசாத பிள்ளைகள் உண்டு. புது இடம் என்பதால் முதல் மாதம் அப்படி இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம். அதைத் தாண்டியும் நீடித்தால் அது வெட்கமோ பிடிவாதமோ இல்லை. பதற்றத்தால் குரல் அடைத்துப்போகும் நிலை. திட்டியோ பரிசு காட்டியோ பேச வைக்கப் பார்க்காதீர்கள். ஆறு வயதாகியும் வெளியாருக்குப் பேச்சு பெரும்பாலும் புரியவில்லை, “பையை வைத்துவிட்டு, காலணியைக் கழற்றி, கை கழுவிக்கொண்டு வா” என்பது போன்ற தொடர் கட்டளையில் பாதியிலேயே நின்றுவிடுகிறான், அன்று நடந்ததைக் கோவையாகச் சொல்ல வரவில்லை, திக்கல் மாதக்கணக்கில் நீடிக்கிறது என்றாலும் காட்டிவிடுங்கள். ‘ழ’ சரியாக வரவில்லை என்பதற்காக மட்டும் வர வேண்டாம். அது நம் பெரியவர்களுக்கே வருவதில்லை.

அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளையென்றால் முதலில் காதைப் பார்க்கச் சொல்வேன். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால், அமைதியான வீட்டில் கேட்பது இரைச்சலான வகுப்பில் கேட்காது. ‘கவனிப்பதில்லை’ என்று என்னிடம் அனுப்பப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் காதுதான் பிரச்சினையாக இருந்தது.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சொன்னால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ பரிந்துரைக் கடிதம் தருவார்கள். பிள்ளையின் சுகாதாரக் கையேட்டை எடுத்துப் போங்கள். பாலர் பள்ளி ஆசிரியரிடம் நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது, டிசம்பர் விடுமுறையில் அவரைப் பிடிக்க முடியாது. சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டிவரும், ஆகவே இந்த வாரமே போய்ச் சொல்லி வைத்துவிடுங்கள்.