வடதுருவக் கடற்பனியும் அதில் வந்து கலக்கும் ஆறுகளும்

உலகக் கடல்நீரில் ஏறத்தாழ 1 விழுக்காட்டை மட்டுமே கொண்ட ஆர்க்டிக் பெருங்கடலில், உலக ஆறுகள் கடலில் சேர்க்கும் நீரில் 10 விழுக்காட்டுக்கும் மேல் வந்து விழுகிறது. ஆயினும், கடற்பனி குறைவதைப் பற்றிய செய்திகளில் ஆறுகளுக்கு அரிதாகவே இடம் கிடைக்கிறது.

சைபீரியாவின் ஓப், யெனிசி, லேனா, கனடாவின் மெக்கன்சி ஆகிய பேராறுகள் வடக்கு நோக்கி ஓடுபவை என்பதால், தெற்கே பனி உருகி வெள்ளம் புறப்படும் மே, ஜூன் மாதங்களில் கழிமுகத்துக்கு வெளியே கடல் பெரும்பாலும் உறைந்தே கிடக்கிறது. வெள்ளம் அந்தப் பனியின் மேலும் அடியிலுமாகப் பரவுகிறது. அது சுமந்து வரும் வண்டலும் மட்கிய பொருள்களும் பனியைக் கருமையாக்குவதால், முன்பு திருப்பி அனுப்பப்பட்ட சூரிய ஒளியின் ஒரு பகுதி அங்கேயே உறிஞ்சப்படுகிறது. 2012 ஜூன் நடுவில் மெக்கன்சி ஆற்றுநீரைக் கரையோரப் பனி தடுத்து நின்றது. அந்தத் தடுப்பு உடைந்து, ஜூலை 5க்குள் கழிமுகத்துக்கு அப்பால் திறந்த கடலின் மேற்பரப்பு வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்ததைச் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டின. 1980 முதல் 2015 வரை ஆழம் குறைந்த கரையோரக் கடல்களில் ஏற்பட்ட பனியிழப்பில் 10 விழுக்காடு வரை ஆற்றுவெப்பத்தின் பங்கு என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது.

இதை வைத்து ஆற்றைப் பனியின் பகையாக மட்டும் எழுதுவது பாதி உண்மையே. உப்பு குறைந்த ஆற்றுநீர் எடை குறைந்தது. அது மேலே மிதந்து, ஆழத்தில் இருக்கும் வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் பனியைத் தொடாமல் ஒரு மூடியைப் போலத் தடுக்கிறது. கடல்நீர் உறைய மைனஸ் 1.8 பாகை தேவைப்பட, உவர்ப்பு குறைந்த நீரோ அதைவிடச் சற்று மேலேயே உறைந்துவிடுகிறது. ஆனால் யூரேசியாவின் 6 பேராறுகளின் நீர்வரத்து 1936க்கும் 1999க்கும் இடையில் சுமார் 7 விழுக்காடு கூடியதுடன், நிலமும் சூடாகி வருகிறது. ஆகவே நீர்வரத்தை மட்டும் அளந்தால் போதாது, அந்த நீரின் வெப்பநிலையையும் அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

செயற்கைக்கோள் படங்களைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பனியின் மேல் நிற்கும் வெள்ளத்தை கடற்பரப்பிலிருந்து இயல்பாக வெளிவரும் நுண்ணலைகளை அளக்கும் உணரிகள் திறந்த கடலாகவே பதிவு செய்யக்கூடும் என்பதால், ஜூன் மாதப் படத்தில் கழிமுகத்தருகே பனி காணாமற்போனதாகத் தெரிந்தால், அதை ரேடார் படத்தோடு ஒப்பிட்ட பின்னரே பனியிழப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும்.