வாய் கோணினால் முதலில் எங்கே ஓடுவது?

ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இறங்கி வந்தவருக்கு மறுநாள் காலை வாய் கொப்பளித்த தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகினால், சேலத்தில் சட்டென்று சொல்லிவிடுவார்கள்: "பனிக்காத்து அடிச்சிருச்சு." உண்மையில் சிக்கல் காதை ஒட்டிய எலும்புக்குள் இருக்கிறது.

முகத்தசைகளை இயக்கும் ஏழாவது மூளை நரம்பு, அந்த எலும்பில் ஒரு சந்து வழியாகத்தான் வெளியே வருகிறது. மிக ஒடுங்கிய இடத்தில் அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. உடலில் பதுங்கியிருந்த ஹெர்ப்பிஸ் வைரஸ் மீண்டும் கிளம்புவதால் நரம்பு வீங்குகிறது என்பது பரவலான கருத்து. எலும்பு விரிந்து கொடுக்காது, நரம்பு நசுங்குகிறது. இதுதான் பெல்ஸ் பால்சி.

மூலிகைப் பற்று, அக்குபஞ்சர், கரன்ட் வைப்பது என எல்லா வைத்தியத்துக்கும் இதில் நல்ல பெயர் உண்டு. காரணம் எளிது. டென்மார்க்கில் எந்த மருந்தும் தராமல் கவனித்துவந்த நோயாளிகளில் சுமார் 70 சதவீதம் பேர் தாமாகவே முழுக்கத் தேறினார்கள். அந்த நேரத்தில் யார் பற்றுப் போட்டாரோ அவருக்குப் பெயர்! அக்குபஞ்சர் ஆய்வுகள் பல வந்தும் தரம் போதாததால் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

ஸ்டீராய்டு கதை வேறு. 2007இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில், 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கியவர்களில் 94 சதவீதம் பேர் ஒன்பது மாதத்தில் குணமானார்கள்; அது கிடைக்காதவர்களில் 82. பற்றால் பெரிய கெடுதல் இல்லாமல் இருக்கலாம், அதற்காகக் காத்திருக்கும் மூன்று நாள்தான் கெடுதல். சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஸ்டீராய்டு அதை ஏற்றிவிடும்.

பக்கவாதத்திலும் வாய் கோணும். ஆனால் அதில் பெரும்பாலும் நெற்றியைச் சுருக்க முடியும். நெற்றிக்கு மூளையின் இரு பக்கமிருந்தும் கட்டளை வருகிறது. பெல்ஸ் பால்சியில் நெற்றியும் அசையாது. ஆனால் இதை வீட்டிலேயே சோதித்து முடிவெடுக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூடாத கண் காய்ந்து புண்ணாகும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்ட வேண்டும்.

"சூயிங்கம் மெல்லு" என்பார்கள். மெல்லும் தசைகளை இயக்குவது ஐந்தாவது நரம்பு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பலூன் ஊதி முக்குவதும் வேண்டாம். மறுபடி வளரும் நரம்பிழைகள் சில நேரம் தடம் மாறி வேறு தசையில் போய்ச் சேரும். பிறகு சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். கண்ணாடி முன் மெதுவாக, சிறுசிறு அசைவுகளாகப் பழக்குவதே பிசியோதெரபிஸ்டுகள் சொல்லித்தரும் முறை. மூன்று மாதம் கழித்தும் அசைவு முழுதாகத் திரும்பாவிட்டால், வேறு காரணம் இருக்கிறதா என்று டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும்.