ரிப்போர்ட் நார்மல், ஆனால் கை மரத்திருக்கிறது

காசிமேட்டில் மீன் வெட்டித் தரும் ஒரு அக்கா மனநல சிகிச்சைக்காக என்னிடம் வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வலது கை மணிக்கட்டு வரை மரத்துவிட்டது. கத்தி பட்டாலும் தெரியவில்லை. நரம்பு டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தார். "வூட்ல நடிக்கிறேன்றாங்க மேடம்" என்று அழுதார்.

அவர் நடிக்கவில்லை.

கைக்கு உணர்ச்சி தருபவை முக்கியமாக மூன்று நரம்புகள். சுண்டுவிரல் பக்கம் ஒன்று, கட்டைவிரல் பக்கம் உள்ளங்கையில் ஒன்று, புறங்கையில் ஒன்று. இதில் எது கெட்டாலும், கையுறை மாட்டியதுபோல மணிக்கட்டில் கோடு கிழித்து நிற்காது. பேச்சின் வழியே மனதை ஆராயும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்ட் 1893-லேயே இதை எழுதினார்: நரம்பு கெடாமலே வரும் இந்த மாதிரி நோய் உடற்கூறியலைப் பார்ப்பதில்லை, பேச்சுவழக்கில் நாம் எதைக் 'கை' என்கிறோமோ அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் 1923-ல், 'நான்' என்பதே முதலில் உடலிலிருந்து எழுவது என்றார். குழந்தை மருத்துவராக இருந்து உளப்பகுப்பாய்வுக்கு வந்த வினிகாட், தாய் பிள்ளையை ஏந்தும் விதத்தில்தான் உடம்பும் மனசும் ஒன்றாகச் சேர்கின்றன என்றார். நம் பாட்டிமார் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

நாலாவது வாரம் அக்கா சொன்னார்: "அம்மா ஆஸ்பத்திரில கையப் புடிச்சிக்கினே இருந்துச்சு. ஏலத்துக்கு நேரமாச்சேன்னு உதறிட்டுப் போய்ட்டேன். திரும்பி வந்தா இல்ல. கை வுட்டுட்டேன் மேடம்."

நான் எதுவும் விளக்கவில்லை. அவர் வாயிலிருந்தே அந்த வார்த்தை வந்துவிட்டது. பிராய்டும் அவருடைய மூத்த நண்பரான மருத்துவர் ப்ராயரும் 1895-ல் எழுதிய நூலில், கணவர் சொன்ன ஒரு சொல் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது என்று சொன்ன பெண்ணின் முகவலி வருகிறது. சொல் உடம்பில் இறங்குவது நமக்குப் புதிதா என்ன? வயிறு எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது என்கிறோமே.

ஆனால் எல்லோருக்கும் பின்னால் இப்படி ஒரு துயரம் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. நரம்பு கெடாமலே இப்படி மரத்துப்போவதை இன்றைய மருத்துவம் செயல்பாட்டு நரம்பியல் கோளாறு என்கிறது. பிசியோதெரபியும் பலருக்கு உதவுகிறது. சர்க்கரை நோயிலும் கைகால் மரக்கும், அதனால் முதலில் டாக்டரைப் பாருங்கள். திடீரென்று ஒரு பக்கம் செயலிழந்தாலோ வாய் கோணினாலோ யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மனம்விட்டுப் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, கட்டணம் இல்லை.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "நடிக்கிறியா" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எப்போதிலிருந்து இப்படி, அப்போது என்ன நடந்தது என்று கேளுங்கள்.

மூன்று மாதம் கழித்து அக்கா, ஐஸ் பெட்டிக்குள் கை விட்டபோது விரல் நுனியில் சில்லென்று இருந்தது என்றார். உள்ளங்கை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. வாரா வாரம் வந்துகொண்டிருக்கிறார்.