பாக்கெட்டோடு நீங்களும் கடைக்குப் போவீர்களா?

டிசைன் கல்லூரிகளில் ஜூரிக்கு, அதாவது மாணவர்கள் செய்த ப்ராஜெக்ட்களைப் பார்த்துக் கருத்துச் சொல்ல, கூப்பிட்டால் முடிந்தவரை போய்விடுவேன். உணவுப் பொருள் பேக்கேஜிங் என் தொழில் என்பதால், இறுதியாண்டு பேக்கேஜிங் ப்ராஜெக்ட்களைத்தான் பெரும்பாலும் என் முன்னால் வைப்பார்கள். போன வாரம் பார்த்ததற்கு அப்புறம் இதை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கம்பு சத்துமாவுக்கு ஒரு பவுச். கறுப்புப் பின்னணியில் மெல்லிய தங்க நிறக் கோலம், நடுவில் பெயர். லேப்டாப்பில் அழகாகவே இருந்தது. "நிகர எடை எங்கேம்மா?" என்று கேட்டேன். "கான்செப்ட்டை முதல்ல சொல்லிடறேன் மேம்" என்று ஆரம்பித்த பெண், பாட்டி வீட்டு வாசல், கம்பங்கூழ், மண்வாசனை என்று தனக்கு ஒதுக்கிய நேரம் முழுவதையும் பேசியே முடித்துவிட்டாள். எடை கடைசிவரை வரவில்லை. அடுத்து வந்த பையனும் அப்படியே. அவனுக்கு அடுத்தவனும் அப்படியே.

நன்றாக விளக்கிவிட்டால் டிசைன் நன்றாகிவிடும் என்று இவர்களுக்கு யார் சொல்லித்தருகிறார்கள்? கடை அலமாரியில் உங்கள் பவுச் மற்ற பவுச்களுக்கு நடுவே நிற்கும். வாங்க வருபவர் ஒரு கையில் பையும் மறு கையில் பிள்ளையுமாக இருப்பார். பாட்டி கதையைச் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். ஜூரிக்கு வந்தவர் அந்த வாடிக்கையாளரின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் "பெயர் படிக்க வரவில்லை" என்றால் உங்களை வாதத்துக்கு இழுக்கவில்லை. படிக்க வரவில்லை, அவ்வளவுதான். "இல்ல மேம், நல்லாத்தானே தெரியுது" என்று பதில் சொல்லி என்ன ஆகப்போகிறது? மாதக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். முதல்முறை பார்க்கிற கண் உங்களிடம் இல்லை என்பதால்தானே வெளியாளைக் கூப்பிடுகிறார்கள்!

கான்செப்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்டால் சொல்லுங்கள், இரண்டு வரியில்.

எடை இருக்கிறதா என்று கேட்டால் "கிளட்டர் ஆகிடும் மேம்" என்பது இன்னொரு பதில், அடைசலாகிவிடுமாம். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, எம்ஆர்பி, புகார் சொல்லத் தொடர்பு விவரம் எல்லாம் இருந்தாக வேண்டும். உணவு என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண்ணும், சைவத்துக்கான பச்சை வட்டமும் சேரும். இத்தனையையும் வைத்துக்கொண்டு அழகாகச் செய்வதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். இவற்றை எடுத்துவிட்டு அழகாக்கினால் அது போஸ்டர்.

தீம் கலருக்குப் பொருந்தட்டும் என்று பார்கோடைச் சிவப்பாக்குவதும் அப்படித்தான். கடை ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றாகவே தெரியும். பில் போடுகிறவர் எண்ணைக் கையால் தட்டிக்கொண்டு உங்களைத் திட்டுவார். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், தமிழ் மாதிரி எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கிற வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டி, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பதையும் யாருமே கவனிக்காமல் ஜூரி வரை கொண்டுவருகிறார்கள். தமிழ் பேசும் பிள்ளைகள்தான்!

வருகிற நிபுணர்கள் எல்லாரும் சரியாகச் சொல்வார்கள் என்றும் இல்லை. எங்களில் சிலர் "மஞ்சளாக்கிடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவோம். அங்கே தலையாட்டாதீர்கள். "மஞ்சளாக்கினால் எது சரியாகும் சார்?" என்று கேளுங்கள். பெயர் பின்னணியில் அமுங்கிப்போவதுதான் அவர் கண்ணை உறுத்தியிருக்கும். அமுங்குவது உண்மை, மஞ்சள் அவருடைய ருசி. உண்மையை எடுத்துக்கொண்டு, தீர்வை நீங்களே தேடுங்கள். இரண்டு பேர் வெவ்வேறு தீர்வு சொல்லி ஒரே இடத்தைக் காட்டினால், தப்பு அந்த இடத்தில்தான்.

ஜூரிக்கு முன்னால் தயவுசெய்து உண்மையான அளவில் பிரிண்ட் எடுங்கள். டிசைனை ஒட்டிப் பார்க்க டவுன்லோட் செய்த மாக்கப் படத்தில் எல்லாமே ஜொலிக்கும், அதை நம்பாதீர்கள். பிரிண்டை வெட்டி ஒரு பவுச்சில் ஒட்டி, தெரு முனை அண்ணாச்சி கடையில் கேட்டு அலமாரியில் வைத்து, ரோட்டில் நின்று பாருங்கள். உங்கள் அம்மாவைப் படிக்கச் சொல்லுங்கள், பின்பக்கப் பொடி எழுத்து உட்பட.

உள்ளே வந்ததும் பவுச்சை எங்கள் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். நாங்கள் எதை முதலில் பார்க்கிறோம், எதைத் தேடுகிறோம், எங்கே புருவம் சுருங்குகிறது என்று கவனியுங்கள். சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் பாதி காதில் விழாது. அழுகை வந்தால் வரட்டும், யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றாதீர்கள், தூங்குங்கள்.

அப்புறம், நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி "இப்ப ஓகேவா மேம்?" என்று கேட்காதீர்கள். பகலில், பிரிண்டை போட்டோ எடுத்து அனுப்புங்கள். எடை தெரிகிற மாதிரி.