"சாப்பிடலைன்னு சொல்லிட்டேன் சார்"

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு. எங்கள் மெடிசின் வார்டில் சர்க்கரை நோய்க்காகச் சேர்ந்திருந்த ஓர் அம்மாவுக்கு ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) இன்சுலின் போட்டார். மகன் வெளியே வாங்கி வந்த குப்பியில் மில்லிக்கு 100 யூனிட். கையில் கிடைத்ததோ மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கான, சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச். 12 யூனிட் என்று நினைத்து 12 என்ற கோடு வரை இழுத்ததில், உள்ளே போனது 30 யூனிட். நள்ளிரவில் அந்த அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. சர்க்கரை 44-க்கு இறங்கிவிட்டது. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள், தெளிந்துவிட்டார்.

காலையில் மகன் காரணம் கேட்டிருக்கிறார். "ராத்திரி சரியா சாப்பிடலை, அதான்" என்று பதில் போயிருக்கிறது. ரவுண்ட்ஸ் முடிந்ததும் அந்த ஹவுஸ் சர்ஜனே என்னிடம் வந்து நடந்ததைச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. "உண்மையைச் சொல்லணும்னுதான் நினைச்சேன் சார். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

நான் பார்த்த பயிற்சி மருத்துவர்களில் பலரும் இப்படித்தான். தவறு நடந்தால் நோயாளியிடம் சொல்ல வேண்டுமா என்று வகுப்பில் கேட்டால், தயங்காமல் 'ஆமாம்' என்பார்கள். படுக்கை அருகே நிற்கும்போது வாய் வராது. உறவினர்கள் கை வைத்துவிடுவார்களோ, கேஸ் ஆகிவிடுமோ, பயிற்சி முடிந்ததற்கான கையெழுத்து கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். மருத்துவமனைத் தாக்குதலுக்கென்றே 2008-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அந்தப் பயத்தைக் கற்பனை என்று தள்ள முடியாது. சட்டம் பற்றிய பயம் மட்டும் கொஞ்சம் அதிகப்படி. மருத்துவர்மீது குற்ற வழக்கு நிற்க வேண்டுமென்றால் அலட்சியம் மிக மோசமானதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது.

பயத்தைவிடப் பெரிய காரணம் நாங்கள், அதாவது சீனியர்கள். 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசும் முறையும் மருத்துவ அறமும் இருக்கின்றன. ஆனால் வார்டுக்கு வந்ததும் "அட்டெண்டர்கிட்ட (நோயாளிகூட இருக்கிற உறவினர்கிட்ட) எதுவும் பேசிடாதே" என்றுதான் காதில் விழுகிறது. நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். ஒரு சீனியர் நோயாளி முன் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பதை என் பயிற்சிக் காலத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்க்காததை எப்படிச் செய்வது?

தம்பி தங்கைகளே, தவறு நடந்தால் முதலில் நோயாளியைக் காப்பாற்றுங்கள், உடனே சீனியரிடம் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், அப்புறம் திருத்தாதீர்கள். நோயாளியிடம் தனியாகப் போக வேண்டாம்.

அன்று இருவரும் சேர்ந்தே போனோம். என்ன நடந்தது, இப்போது அம்மா எப்படி இருக்கிறார், இன்னும் எவ்வளவு நேரம் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருப்போம் என்று சொன்னோம். அந்தத் தம்பி மன்னிப்புக் கேட்டார். நர்ஸ்மீது பழி போடவில்லை. மகனுக்குக் கோபம் வந்தது, சத்தம் போட்டார். பதில் பேசாமல் கேட்டுக்கொண்டோம்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "சார், வீட்டுல பழைய ஊசி ஒரு பெட்டி இருக்கு. அதுவும் சிவப்பு மூடிதான். இந்த மருந்தை அதுல போடக்கூடாதா?"