காட்டுயிர் வரையும் பிள்ளைகளே, படத்தைக் கொடுக்க முன் இதை வாசியுங்கள்

போன கிழமை ஒருவர் பென்ட்ரைவோடு கடைக்கு வந்தார். அதிலிருக்கும் படத்தை முந்நூறு துணிப்பையில் அடிக்க வேண்டும், விருந்தினர் அறைகளில் மாட்ட இருபது பிரதியும் வேண்டும் என்றார். கணினியில் திறந்தேன், எனக்கு நன்றாகத் தெரிந்த படம். கைதடிப் பக்கத்துக் கடல்நீரேரியில், விடியற்கால வெளிச்சத்தில் ஏழு பூநாரைகள். இரண்டு வருடத்துக்கு முன் அதை வரைந்த பிள்ளை பிரேம் போடுவதற்காக இதே மேசையில்தான் கொண்டுவந்து வைத்தாள். இப்போது வலது பக்கக் கீழ் மூலையில் இருந்த அவளுடைய கையெழுத்தை மட்டும் காணவில்லை. அந்த ஓரத்தை வெட்டியிருந்தார்கள், வெட்டிய வெட்டில் ஏழாவது பறவையின் ஒரு காலும் பாதியோடு போயிருந்தது.

"வரைஞ்ச பிள்ளையிட்டக் கேட்டனீங்களோ?" என்றேன்.

"ஏன் கேக்க வேணும்? காசு குடுத்து வாங்கின படம்தானே."

அவரை இருக்கச் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளைக்கு அழைத்தேன். விசயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்: "நான் வித்திட்டன் தானே அண்ணா. இனி அது அவையின்ர."

வாங்கியவர் அப்படி நினைத்ததைவிட வரைந்தவளும் அப்படியே நினைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த வருடத்தில் மட்டும் இது நான்காவது தடவை. ஆவுளியா என்கிற கடற்பசுவை வரைந்த ஒரு பொடியன், நெடுந்தீவுக் குதிரைகள் வரைந்த ஒரு ஆசிரியை, கரிக்குருவி வரைந்த பல்கலைக்கழக மாணவன், இப்போது இவள். யாழ்ப்பாணத்தில் ஓவியங்களை ஸ்கேன் செய்து, அச்சடித்து, பிரேம் போடுவது பத்தொன்பது வருடமாக என் தொழில். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

படத்தை விற்றால் நீங்கள் விற்றது அந்த ஒரு கன்வஸை, அல்லது அந்த ஒரு தாளை. வாங்கியவர் அதைச் சுவரில் மாட்டலாம், மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம், நாளைக்கே இன்னொருவருக்கு இரட்டை விலைக்கு விற்கலாம். அதையெல்லாம் யாரும் தடுக்க முடியாது. ஆனால் அதைப் பிரதியெடுத்துப் பையில் அடிக்கவும், காலண்டர் போடவும், உணவு மெனுவின் அட்டையில் வைக்கவும் அவருக்கு உரிமை கிடையாது. அது இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒழிய அது உங்கள் கையை விட்டுப் போகாது.

நம்ப மாட்டீர்கள் என்றால் உங்கள் வீட்டுக் காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். "கிணற்றிற் பங்கும் வழி வாய்க்காற் பங்கும்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி ஏன் இருக்கிறது? காணி வேறு, கிணற்றுப் பங்கு வேறு என்பதால்தான். உறுதியில் எழுதாத கிணற்றுப் பங்குக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய ஊர் இது. காணி வாங்கியவர் "காசு குடுத்தனான், பக்கத்துக் கிணறும் எனக்குத்தான்" என்று வாளியோடு போனால் விடுவோமா? பங்குக்கிணற்று விசயத்தில் அவ்வளவு கறாராக இருக்கிற நாம் படத்தின் விசயத்தில் மட்டும் கிணற்றையும் வாய்க்காலையும் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு, அதற்கு நன்றியும் சொல்லி அனுப்புகிறோம்.

இது என் அபிப்பிராயம் இல்லை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சொல்வது. நீங்கள் வரைந்து முடித்த அந்த நிமிடமே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. எங்கேயும் பதியத் தேவையில்லை. "கொழும்புக்குப் போய்ப் பதிஞ்சனியோ?" என்று கேட்டு வாயை அடைக்கப் பார்ப்பார்கள், அடைபட வேண்டாம். அந்த உரிமை நீங்கள் உயிரோடு இருக்கும்வரைக்கும், அதற்குப் பிறகு எழுபது வருடமும் இருக்கும். உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவதானாலும், பாவிக்க அனுமதி கொடுப்பதானாலும் அது எழுத்தில், இரு பக்கமும் கையெழுத்துப் போட்டு இருக்க வேண்டும். எழுத்தில் எதைக் குறிப்பிட்டீர்களோ அது மட்டும்தான் போகும். காலண்டருக்கு என்று எழுதினால் காலண்டருக்குத்தான், பைக்கு இல்லை. உரிமையை முழுக்க விற்றுவிட்டாலும்கூட, வரைந்தவர் என்று உங்கள் பெயரைப் போடச் சொல்லவும், உங்கள் பெயருக்குக் கெடுதல் வரும்படி படத்தைச் சிதைப்பதை எதிர்க்கவும் உங்களுக்குள்ள உரிமை தனியாக நிற்கும். அந்த ஏழாவது பூநாரையின் காலை வெட்டியவர்களுக்கு இது தெரியாது.

ஒரு விதிவிலக்கு மட்டும் கவனம். சம்பளத்துக்கு வேலை செய்யும் இடத்தில், வேலையின் பகுதியாக வரைந்தால் உரிமை வேலை கொடுத்தவருக்குப் போகும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால். நிறுவனங்களில் பதாகைக்கும் கையேட்டுக்கும் பறவை வரைந்து கொடுக்கிற பிள்ளைகள் வேலைக்குச் சேரும் அன்றைக்கே இதைப் பேசிக்கொள்ளுங்கள்.

"காசு தர வசதியில்லை, ஆனா உங்கட பெயர் நாலு பேருக்குத் தெரிய வரும்" என்று சொல்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1934 இலிருந்து ஒவ்வொரு வருடமும் வாத்து முத்திரை என்று ஒன்று வெளியிடுகிறார்கள். வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் அதை வாங்கியே ஆக வேண்டும், அந்தப் பணம் நீர்நிலங்களைக் காப்பாற்றப் போகிறது. முத்திரைக்கான படத்தைத் தேர்வது ஒரு திறந்த போட்டி. வென்றவருக்கு அரசாங்கம் பணப்பரிசு எதுவும் கொடுப்பதில்லை. ஆனாலும் ஓவியர்கள் போட்டி போட்டுக்கொண்டு அனுப்புகிறார்கள். காரணம், வென்ற படத்தின் பிரதிகளை அச்சடித்து விற்கும் உரிமை ஓவியரிடமே இருக்கிறது. வருமானமும் பெயரும் அதிலிருந்துதான் வருகிறது. உரிமை கையில் இருந்தால் பெயர் சோறு போடும். உரிமையையும் கொடுத்துவிட்டுப் பெயரை மட்டும் வாங்கினால், அதையும் இப்படி மூலையோடு வெட்டி எறிவார்கள்.

சரி, இனி உங்கள் பக்கத்துப் பிழை. இதைக் கொஞ்சம் கோபமாகத்தான் சொல்வேன்.

இணையத்தில் கிடைத்த புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரைவதை நிறுத்துங்கள். அந்தப் புகைப்படத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். உங்கள் பூநாரையைப் பையில் அடிக்க வந்தவருக்கும், புகைப்படம் எடுத்தவரிடம் கேட்காமல் அவருடைய படத்தை வரைந்த உங்களுக்கும் என்ன வித்தியாசம்? போன மாதம் ஒரு தம்பி தொண்டைமானாறு என்று தலைப்புப் போட்டு ஒரு படம் கொண்டுவந்தான். தண்ணீரும் வானமும் அவ்வளவு அழகு. ஆனால் பறவைகள் உச்சந்தலையிலிருந்து வால்வரை செம்பருத்திப் பூ மாதிரிச் சிவந்திருந்தன. அது கரீபியன் பக்கத்துப் பூநாரை. எங்களிடம் வருவது பெரும் பூநாரை, உடம்பு வெளிறிய வெள்ளை, அதில் லேசான ரோசா பூசியது போல இருக்கும். நல்ல சிவப்பும் கறுப்பும் சிறகு விரிக்கும்போதுதான் தெரியும். தொண்டைமானாற்றுக்கு ஒரு நாள் விடியப் போயிருந்தால் அந்தத் தம்பிக்கு இது விளங்கியிருக்கும். பறவை தெரிந்த நடுவர் ஒருவர் அந்தப் படத்தை ஒரே பார்வையில் ஒதுக்கிவிடுவார், மூன்று மாத உழைப்பு அவ்வளவுதான்.

கைதடிப் பிள்ளையின் படத்தில் ஒரு பறவை தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பக்கம் கீழே வரும்படி வைத்துச் சேற்றை அரித்துக்கொண்டு நிற்கும். இன்னொன்று கால் மடக்கி நிற்கும், மடங்கும் இடம் சரியான உயரத்தில் இருக்கும். (அதை முழங்கால் என்று நினைக்காதீர்கள். அது கணுக்கால், முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. அதனால்தான் பின்பக்கமாக மடங்குவது போலத் தெரிகிறது.) இதையெல்லாம் அவள் தை மாதக் குளிரில் கரையில் குந்தியிருந்து பென்சிலால் குறித்தெடுத்தவள். அந்தக் குறிப்புக் கொப்பிதான் இன்றைக்கு அவளுக்கு இருக்கிற பெரிய சாட்சியும். படம் என்னுடையது என்று சொல்ல அதைவிட வேறென்ன வேண்டும்? கொப்பியை எறியாதீர்கள். திகதியும் இடமும் எழுதுங்கள். சரசாலைக் குருவிக்காடு எங்கேயும் ஓடிவிடாது, வாரத்தில் ஒரு காலைப்பொழுது போய் இருங்கள்.

முகநூலில் போடுவதைப் பற்றி. போடுங்கள், போடாமல் யாருக்குத் தெரியும்? ஆனால் முழு அளவுக் கோப்பைப் போட வேண்டாம். நீளப் பக்கம் 1200 பிக்சல் போதும். கைத்தொலைபேசியில் அது நன்றாகத் தெரியும், பெரிதாக அச்சடித்தால் பொரிப்பொரியாகிவிடும். கையெழுத்தை ஓரத்தில் போடாதீர்கள், பறவையின் நிழலுக்குள்ளோ புல்லுக்குள்ளோ போடுங்கள், வெட்டினால் படமே கெட வேண்டும். பாதி வரைந்த நிலையிலும் இரண்டு மூன்று படம் எடுத்து வையுங்கள். அப்புறம், இது ஒரு கெஞ்சல்: கூடு இருக்கிற இடத்தைப் பெயர் சொல்லி எழுதாதீர்கள். அடுத்த சனிக்கிழமையே கமராவோடு பத்துப் பேர் அங்கே நிற்பார்கள்.

காசு. இது எல்லோரும் கேட்கக் கூச்சப்படுகிற விசயம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பறவைகளை உயிரளவில் வரைந்த அமெரிக்க ஓவியர் ஓடபன் 435 அச்சுப்படங்கள் கொண்ட தன் பெரிய தொகுதியை 1827 இலிருந்து 1838 வரை வெளியிட்டார். கையில் பணம் வைத்துக்கொண்டு அதைத் தொடங்கவில்லை. ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சந்தாதாரர் சேர்த்தார். தடவைக்கு ஐந்து படமாக அனுப்பி, வந்த பணத்தில் அடுத்ததை அச்சடித்தார். இதை நாங்கள் சீட்டுப் பிடிக்கிற ஊரில் செய்ய முடியாதா? வடபுலத்துப் பறவைகள் பன்னிரண்டு, மாதம் ஒரு பிரதி என்று சொல்லி, ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரரிலிருந்து தொடங்கினால் முப்பது பேர் சேர மாட்டார்களா? முன்பணம் வந்த பிறகு அச்சடியுங்கள். கடன் வாங்கி இருநூறு பிரதி அடித்துக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்து பூஞ்சணம் பிடித்த கதை எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிரதி அடித்தால் எண்ணிக்கையை முதலே முடிவு செய்யுங்கள். ஐம்பது என்றால் ஐம்பதுதான், ஒவ்வொன்றிலும் பென்சிலால் இத்தனையில் இத்தனையாவது என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். நன்றாக விற்கிறதென்று ஐம்பத்தோராவது அடிக்கக் கேட்டு வராதீர்கள், நான் அடிக்க மாட்டேன். மை பிக்மென்ட் மையா என்று அச்சகத்தில் கேளுங்கள். சாதாரண மை எங்கள் வெயிலுக்குச் சீக்கிரம் வெளிறும், பிறகு வாங்கியவர் உங்களைத்தான் திட்டுவார்.

விற்ற காசில் ஒரு பங்கு பறவைகளுக்கு என்று சொல்வதானால் எத்தனை வீதம், யாரிடம் போகிறது என்று எழுதிப் போடுங்கள், கொடுத்த பற்றுச்சீட்டையும் காட்டுங்கள். பிரித்தானிய ஓவியர் டேவிட் ஷெப்பர்ட் 1973 இல் ஒரு புலி ஓவியத்தின் மூலம் 127,000 பவுண் திரட்டி இந்தியாவின் புலிகள் பாதுகாப்புக்குக் கொடுத்தார். 1984 இல் அவர் தொடங்கிய அறக்கட்டளைதான் பிறகு காட்டுயிர் ஓவியர்களுக்கென்று சர்வதேசப் போட்டியும் நடத்தியது. காசு போன இடம் தெரிந்தால்தான் அடுத்த தடவையும் சனம் நம்பிக் கொடுக்கும்.

வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போடுங்கள், பயப்பட வேண்டாம். அநேகமாக முதல் தெரிவு படக்கோப்பைப் பார்த்துத்தான் நடக்கும், ஆகவே கோப்பு நன்றாக இருக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் கட்ட முன் முந்தைய வருடங்களில் வென்றவர்கள் யார், கண்காட்சி எங்கே நடந்தது என்று தேடுங்கள். ஒன்றும் அகப்படாவிட்டால் விட்டுவிடுங்கள். கலந்துகொண்ட எல்லோருக்கும் சான்றிதழ் தருகிற இடத்தில் உங்களுக்கு எந்த அங்கீகாரமும் இல்லை. இன்னொன்று, "என் மனைவிக்கு உங்கள் ஓவியம் மிகவும் பிடித்துவிட்டது" என்று முன்பின் தெரியாதவரிடமிருந்து மின்னஞ்சல் வந்து, விலையைவிடக் கூடுதலான தொகைக்குக் காசோலை அனுப்பி, மிச்சத்தைப் பொதி ஏற்றுபவருக்கு அனுப்பச் சொன்னால் அது மோசடி. காசோலை திரும்பும், நீங்கள் அனுப்பிய காசு திரும்பாது. இரண்டு பேர் அழுதுகொண்டு வந்து என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முதல், விற்க முன் ஸ்கேன் எடுங்கள். பிரேம் போட முன் எடுங்கள், கண்ணாடி போட்ட பிறகு கொண்டுவந்து "அப்பிடியே எடுங்கோ" என்று கேட்காதீர்கள். 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல், டிஃப் கோப்பாக, இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் ஸ்கேன் ஆகாது.

விற்கும்போது ஒரு துண்டு எழுதுங்கள். நீளமாக வேண்டாம். படத்தின் பெயர், அளவு, விலை, திகதி, அதற்குக் கீழே "பதிப்புரிமையும் பிரதியெடுக்கும் உரிமையும் ஓவியரிடமே இருக்கும்" என்று ஒரு வரி. இருவரும் கையெழுத்து, இரண்டு பிரதி. பெரிய தொகை என்றால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

பென்ட்ரைவோடு வந்தவருக்கு நான் அடித்துக் கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டுதான் போனார். பின்னேரம் அந்தப் பிள்ளையோடு இருந்து ஒரு கடிதம் எழுதினோம்: முந்நூறு பைக்கு மட்டும் அனுமதி, பைக்கு இவ்வளவு ரூபா, பெயர் போட வேண்டும், படத்தை வெட்டக் கூடாது. அனுப்பி நாலு நாளாகிறது, இன்னும் பதில் வரவில்லை. வேறு அச்சகத்துக்குப் போயிருக்கவும் கூடும். நகரில் இதே தொழில் செய்கிற நண்பர்களுக்குப் படத்தை அனுப்பி விசயத்தைச் சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று அவள் அடுத்த படத்தோடு வந்தாள், சுண்டிக்குளத்தில் பார்த்த செங்கால் நாரை. பிரேம் பிறகு பார்க்கலாம், முதலில் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அவளே சொன்னாள்.