பச்சைக்குருதி அரணை: பெயருக்குள்ளே ஒளிந்திருக்கும் சிவப்பு

நியூகினித் தீவில் சில அரணைகள் உண்டு, வாயைத் திறந்தால் நாக்கும் அண்ணமும் பச்சை, உள்ளே தசையும் எலும்பும்கூடப் பச்சை. எல்லாம் ரத்தத்தின் வேலை. செய்திகளில் இவற்றைப் 'பச்சை ரத்தப் பல்லி' என்று போட்டுவிடுகிறார்கள். பல்லி வேறு, அரணை வேறு. எண்ணெய் தடவினாற்போல் மினுமினுவென்று வேலியோரச் சருகுக்குள் ஓடி மறைகிறதே, அதன் உறவு இது. அரணை என்ற நல்ல பெயர் கையில் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

அறிவியலில் இந்தப் பேரினம் பிரசினோஹீமா. கிரேக்கத்தில் 'பிராசோன்' என்றால் லீக்ஸ் என்னும் வெங்காயத்தாள் போன்ற செடி, 'பிராசினோஸ்' அந்த இலையின் பச்சை, 'ஹைமா' ரத்தம். நிறம் தருவது பிலிவெர்டின். அந்தச் சொல்லின் முற்பாதி லத்தீனில் பித்தம், பிற்பாதி பச்சை, ஆகவே தமிழில் பித்தப்பச்சை என்றாலே போதும். பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது நம் உடம்பிலும் இது உண்டாகிறது. அடிபட்டுக் கன்றிய இடம் சில நாளில் பச்சை பூக்குமே, அது இதுதான். நாம் அதைப் பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறமியாக மாற்றி வெளியேற்றிவிடுகிறோம். அரணையோ தேக்கி வைத்துக்கொள்கிறது, அதுவும் மனிதரைக் கொல்லும் அளவைப்போல் 40 மடங்கு! 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வின்படி, பச்சை ரத்தம் இந்த அரணைகளிடையே நான்கு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

சரி, இதன் தமிழ்ப் பெயரில் ரத்தத்துக்கு எந்தச் சொல்? செந்நீர் என்றால் சிவப்பு வெளிப்படையாகவே நிற்கிறது. ரத்தம், உதிரம் இரண்டும் வடமொழியில் சிவப்பிலிருந்து வந்தவை. குருதிக்கும் செந்நிறம் என்ற பொருள் உண்டு, குறுந்தொகையின் முதல் பாட்டில் காந்தள் 'குருதிப் பூ' ஆவது நிறத்தால்தான். 'பசுங்குருதி' அழகாக இருக்கிறது, ஆனால் பசும்பால் பழகிய காதுக்குப் பசுவின் ரத்தமாகிவிடும். வெறும் 'பச்சை அரணை' என்றால் தோலைச் சொல்வதாகிவிடும்.

ஆகவே பச்சைக்குருதி அரணை என்றே எழுதுகிறேன். சிவப்பு உள்ளே ஒளிந்திருப்பது குற்றமில்லை, ஏனென்றால் அந்த அரணையின் ரத்தத்திலும் சிவப்பணுக்கள் சிவப்பாகவேதான் இருக்கின்றன. அவற்றைச் சுமக்கும் நீர்மத்தில் கலந்த பித்தப்பச்சை மேலே நின்று மறைக்கிறது, அவ்வளவுதான்.